கெட் என்றால் பன்னிரண்டு

எனக்குக் கோபம் வந்தால் நான் மனுஷனாக இருக்க மாட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் வால்வு கம்பெனியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பரந்தாமன் வருகிறான் என்றால் லேத்துக்காரன் கையிலிருக்கும் டீயைக் கீழே வைத்துவிடுவான். திருமுல்லைவாயிலில் என் வீட்டில் மட்டும் கேட்டுவிடாதீர்கள். தெருவில் கூவிக்கொண்டு போகிற உப்பு வண்டிக்காரன் குரலுக்கு இருக்கிற மரியாதைகூட அங்கே என் குரலுக்குக் கிடையாது. அவன் கூவினால் கதவைத் திறந்தாவது பார்ப்பார்கள்.

இதை உங்களிடம் சொல்லும்போதும் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சட்டையைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு பனியனோடு உட்கார்ந்து சொல்கிறேன். சட்டை ஏன் மூலைக்குப் போனது என்பதற்குத்தான் இந்தக் கதையே.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் பெண்டாட்டி தாட்சாயிணி சட்னிக் கிண்ணத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். என் தாய்மாமன் மகள். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகியும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். எதிரே உட்கார்ந்தாள் என்றால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

"மாமா, ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேக்கறதுக்கு முன்னாடியே கோவமாத்தான் கீறேன். கேளு."

"பக்கத்து ஊட்டு கெங்கம்மா எக்ஸ்போர்ட் கம்பெனில சட்ட தைக்கிதே, அங்க ஆள் எடுக்கறாங்களாம். நானும் போவட்டா?"

"எதுக்கு? இந்த ஊட்ல சோத்துக்கு இல்லியா, துணிக்கு இல்லியா?"

"இல்லன்னு யாரு சொன்னா? பகல்ல பொழுது போவல."

"பொழுது போவலன்னா தூங்கு. பொண்டாட்டிய வேலைக்கு அனுப்பிட்டு பரந்தாமன் ஊட்ல குந்திக்கினு கீறான்னு எஸ்டேட் பூரா பேசுவானுங்க. நான் கேட்ல தல நிமிந்து உள்ள போவ வாணாமா?"

"நீ எங்க ஊட்ல குந்தற? காத்தால சைக்கிள மெதிச்சா ராவுக்குத்தான் வர. ஞாயித்துக்கெயம ஒருநாள் கீற. அன்னைக்கும் கத்திக்கினு கீற."

சுவருக்கு அந்தப் பக்கம் கெங்கம்மா சிரித்தாள். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒற்றைக்கல் சுவர். நான் தும்மினால் அவள் அங்கிருந்து கஷாயம் வைக்கச் சொல்லுவாள்.

நான் உடனே சபதம் போட்டேன். இந்தப் பரந்தாமன் இருக்கிற வரைக்கும் தாட்சாயிணி ஒரு கம்பெனி வாசலையும் மிதிக்கக் கூடாது. சபதத்துக்கு ஒரு காரணமும் வேண்டுமே என்று இங்கிலீஷை இழுத்தேன். எனக்கு அந்தக் காலத்துப் பி.யூ.சி. உண்டு. அவளுக்கு எட்டாங்கிளாஸ்.

"எக்ஸ்போர்ட்னா இன்னான்னு தெரியுமாமே ஒனக்கு? வெளிநாட்டுக்காரன் வருவான். புஸ்ஸு புஸ்ஸுன்னு இங்கிலீஷ்ல கேப்பான். நீ திருதிருன்னு முழிப்ப. என் மானம் கப்பலேறிடும்."

"அப்ப கத்துக்கினா உடுவியா?"

"இன்னாது?"

"முழுசா கத்துக்க ஒரு ஜென்மம் ஆவும். ஏதாச்சும் ஒரே ஒரு வார்த்த. அத்த சுத்தமா சொல்லிட்டா அனுப்புவியா? இந்தக் கெட்டு, கெட்டுன்றாங்களே. அது இத்துனூண்டுதான கீது. அத்தயே வெச்சுக்கயேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூர் மார்க்கெட்டில் வாங்கிய டிக்‌ஷனரி ஒன்று என்னிடம் உண்டு. அதில் கெட் மட்டும் ரெண்டு பக்கத்துக்கு ஓடும். வாங்குவதும் கெட், கொண்டு வருவதும் கெட், ஏறுவதும் கெட், இறங்குவதும் கெட். வெள்ளைக்காரன் வேறு வார்த்தை கிடைக்காத இடத்திலெல்லாம் அதைப் போட்டு அடைத்து வைத்திருக்கிறான். அதில் கால் வைத்து உருப்படாமல் போன பட்டதாரிகளை எனக்குத் தெரியும். கெட்டால் கெட்ட குடும்பம் என்று ஒரு கணக்கே எடுக்கலாம். இந்தக் கிணற்றைத் தேடிப் போய் விழுகிறேன் என்கிறாள், விழட்டுமே.

"சரி," என்றேன். "பன்னெண்டு அர்த்தம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாக்கியம். மார்கழி கடைசி ஞாயித்துக்கெயம சொல்லிடு. அப்புறம் நீ இன்னா வேலைக்கு வோணாலும் போ. சொல்லலன்னா வேலைன்ற பேச்சே இந்த ஊட்ல வரக்கூடாது."

"சத்தியமா?"

"பரந்தாமன் வாக்கு."

முன்பக்கத்தில் குடியிருக்கும் வீட்டுக்காரர் வீராசாமி சார் அந்த நேரம் பேப்பர் எடுக்க வெளியே வந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ரிட்டயரானவர். அவரையே நடுவராகப் போட்டேன். அவர் தாட்சாயிணியைப் பார்த்தார், கெங்கம்மா வீட்டுச் சுவரைப் பார்த்தார், "எனக்கென்னப்பா, காப்பி குடுத்தா வந்து உக்காரறேன்" என்றார்.

அன்றைக்கு ராத்திரி இன்னொரு தீர்மானமும் செய்தேன். டிக்‌ஷனரியை கம்பெனிக்கு எடுத்துப் போய் என் லாக்கரில் வைத்துப் பூட்டினேன். இந்த வாயிலிருந்து கெட்டுக்கு ஒரு அர்த்தம்கூட வெளியே வராது. எங்கே போய்க் கற்றுக்கொள்கிறாள், பார்த்துவிடலாம்.

இங்கே என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்லை, குவாலிட்டி. வால்வு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் தள்ளுவது என் வேலை. எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். தள்ளின பீஸுக்குச் சிவப்புச் சீட்டு கட்ட வேண்டும். அதில் தப்பு என்ன என்று மட்டும் எழுதினால் போதாது, சரி என்ன என்பதையும் எழுத வேண்டும். தப்பு என்று சொல்ல மாமியாரே போதும், சம்பளம் கொடுத்து இன்ஸ்பெக்டர் எதற்கு என்பது எங்கள் மேனேஜரின் கட்சி. வருஷக்கணக்காகச் சீட்டு கட்டிக் கட்டி அது எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. பஸ்ஸில் ஒருத்தன் இன்னொருத்தனுக்குத் தப்பாக வழி சொன்னால், நான் என் ஸ்டாப்பை விட்டுவிட்டு அவனோடு இறங்கிச் சரியான வழியைக் காட்டிவிட்டு நடந்து வருவேன். தப்பைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியாது. இது என் பெண்டாட்டிக்கும் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை ராத்திரி சாப்பிட உட்கார்ந்தேன். சாம்பார் ஜில்லென்று இருந்தது.

"சாம்பார் ஏன் ஆறிக்கீது?"

"சாம்பார் ஈஸ் கெட் எ கோல்ட்," என்றாள்.

உச்சந்தலைக்கு ஏறியது எனக்கு.

"அப்டின்னா சாம்பாருக்குச் சளி புடிச்சிக்கிச்சின்னு அர்த்தம். சளி மனுஷனுக்குப் புடிக்கும். ஐ காட் எ கோல்ட், எனக்குச் சளி புடிச்சிக்கிச்சி. சாம்பாரு ஆறிப்போச்சின்னா, த சாம்பார் காட் கோல்ட். ஆறிப் போறது வேற, சளி புடிக்கிறது வேற. அறிவு வாணாம்?"

"சளி புடிச்சா எ கோல்ட், ஆறிப்போனா வெறும் கோல்ட். அப்டித்தான?"

"அப்டித்தான்."

"ரெண்டு," என்றாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே.

"இன்னா ரெண்டு?"

"ரெண்டு அப்பளம் கீது. வோணுமா?"

நான் அப்பளத்தை வாங்கிக்கொண்டேன். இதைவிட ஒரு மனுஷன் எப்படி ஏமாற முடியும், சொல்லுங்கள்.

அடுத்த வாரம் குளித்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று தாட்சாயிணியும் கெங்கம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கெட் ஆன் த ட்ரெய்ன்னா இன்னா கெங்கம்மா?"

"ரயிலு மேல, கூர மேல ஏறிக் குந்துறது."

"அப்ப எறங்கறதுக்கு?"

"குதிக்கணும். ஜம்ப்பு."

முகமெல்லாம் சோப்பு. கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆனால் வாய் திறந்துகொண்டது.

"ஏய், கூர மேல இல்ல. கெட் ஆன்னா ரயில்ல ஏறு. கெட் ஆஃப்னா எறங்கு. ஐ காட் ஆன் அட் திருமுல்லைவாயில், ஐ காட் ஆஃப் அட் பட்டரவாக்கம். இதுகூட தெரியாம ரெண்டு பேரும் இன்னாத்த பேசறீங்க?"

"நன்றி அண்ணாத்தே," என்றாள் கெங்கம்மா. மரியாதை தெரிந்தவள் என்று நினைத்தேன். பட்டரவாக்கம் ஏன் என் வாயில் வந்தது என்று கேட்காதீர்கள். எக்ஸ்போர்ட் கம்பெனி இருக்கிற ஸ்டேஷன் அதுதான்.

இப்படியே போனது. ஒருநாள் கையில் ஒரு சட்டையோடு வந்தாள். "மாமா, கெட் த பட்டன் சேஞ்சுன்னா நானே மாத்தணுமா?" நான் குதித்தேன். "சேஞ்ச் இல்லடி, சேஞ்ச்ட். கெட் த பட்டன் சேஞ்ச்ட். நீ மாத்தாத, வேற ஆள வெச்சி மாத்த வையின்னு அர்த்தம்." இன்னொரு நாள், "கெட் மீ த சிஸர்ஸ்னா எனக்குக் கத்திரிக்கோல் கெடச்சிதுன்னுதான?" கெடச்சிதாம். "எடுத்துக்கினு வான்னு அர்த்தம், கழுத" என்று எடுத்துக்கொண்டு வந்தே காட்டினேன். ஐ டோன்ட் கெட் இட் என்றால் எனக்குக் கிடைக்கவில்லை என்றாள். புரியவில்லை என்று அர்த்தம், உனக்கு எதுவுமே புரியாது என்று கத்தினேன். அதற்கும் தலையை ஆட்டினாள்.

ஒரு மனுஷனுக்குச் சந்தேகம் வர வேண்டாமா? பட்டன், கத்திரிக்கோல், நூல், ஊசி. அவள் கேட்டதெல்லாம் இதிலேயே சுற்றியது. புடவை முந்தானையில் எப்போதும் நாலு நூல் துண்டு. ராத்திரி எட்டு மணிக்கே கால் வலிக்கிறது என்று படுத்துக்கொள்வாள். என் சாப்பாட்டு டப்பாவின் அடியில் ஒருநாள் நகத்தளவுக்கு ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது. "கெங்கம்மா பொண்ணு வெளையாடியிருக்கும்" என்றாள். பொம்பளைக்குத் துணிமேல்தானே புத்தி போகும் என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதிலை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன்.

கார்த்திகையில் ஒருநாள் காய்ச்சலோடு மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். கதவில் பூட்டு. கெங்கம்மா வீட்டிலும் பூட்டு. நடுக்கத்தோடு வாசற்படியில் உட்கார்ந்தேன். வீராசாமி சார் வெளியே வந்து என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"தாட்சா எங்க சார்?"

"கோயிலுக்குப் போச்சுப்பா. பச்சையம்மன் கோயிலுக்கு."

"இந்த நேரத்திலியா?"

"வேண்டுதலாம். நடந்தே போயிருக்கு. நீ உள்ள வந்து படு."

ஆறரை மணிக்கு வந்தாள். நெற்றியில் குங்குமம் இருந்தது. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐயோ மாமா, யூ கெட்டிங் ஹோம் சீக்கிரமா?" என்றாள்.

நூற்றிரண்டு டிகிரியிலும் சும்மா இருக்கவில்லை நான். "வென் டிட் யூ கெட் ஹோம்னு கேளு. எப்போ வந்து சேந்தன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினேன்.

மார்கழி கடைசி ஞாயிறு வந்தது. எங்கள் வாசலில் பெஞ்சு போட்டாயிற்று. வீராசாமி சார் காப்பியோடு நடுவில். கெங்கம்மா வாசல் குட்டைச்சுவர்மேல் கையை ஊன்றிக்கொண்டு. தெருவில் பாதிப் பேர் கோலம் போட்ட இடத்தை மிதிக்காமல் நின்றார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். டிக்‌ஷனரி லாக்கரில் பத்திரமாக இருந்தது. அவளுக்கு மூன்று தேறினால் பெரிசு.

தாட்சாயிணி எழுந்து நின்றாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஐ காட் எ கோல்ட். சளி மனுஷனுக்குத்தான் புடிக்கும். த சாம்பார் காட் கோல்ட். ஆறிப் போறது வேற, சளி புடிக்கிறது வேற, அறிவு வாணாம்?"

அப்படியே என் குரல். கையை நான் ஓங்குகிற மாதிரியே ஓங்கினாள். தெரு சிரித்தது.

கெட் ஆன் வந்தது, கெட் ஆஃப் வந்தது, சோப்பைத் துடைக்கிற மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். பட்டன் வந்தது. கத்திரிக்கோல் கழுதையோடு சேர்ந்து வந்தது. ஐ டோன்ட் கெட் இட் வந்தது. என் காய்ச்சல் வந்தது. எனக்கு ஞாபகமே இல்லாத மூன்று, நான் எப்போதோ பல் தேய்க்கும்போது துப்பினவை, அவையும் வந்தன. என் இரண்டு மாசத்துக் கோபம் ஒவ்வொன்றாக வாசலில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கத்தினது ஒன்றுகூட வீணாகவில்லை, என் வீட்டில் முதல் தடவையாக.

"பதினொன்னு," என்றார் வீராசாமி சார்.

அதோடு நின்றுவிட்டாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், விரலை மடக்கினாள்.

எனக்கு உயிர் வந்தது. இன்னும் ஒன்று. அந்த ஒன்று இல்லையென்றால் பதினொன்றும் தண்டம். கெங்கம்மா சுவர்மேல் நெளிந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: பரந்தாமா, வாயைத் திறக்காதே. இன்றைக்கு ஒருநாள் வாயைத் திறக்காதே.

"ஒன்னு ஞாபகம் வருது சார்," என்றாள் தாட்சாயிணி மெதுவாக. "கெட் அவே வித் இட். அப்டின்னா, அத்த எடுத்துக்கினு தூரமா போறது."

வீராசாமி சார் என்னைப் பார்த்தார். கெங்கம்மா என்னைப் பார்த்தாள். தெருவே என்னைப் பார்த்தது. நான் பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். காது சூடாகிவிட்டது.

"அத்த ஒரு பையில போட்டு எடுத்துக்கினு போவணும்," என்றாள் மறுபடியும். "கூட."

"பையாவது கையாவது," என்று நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். "செய்யக்கூடாததச் செஞ்சிட்டு மாட்டிக்காம தப்பிச்சிக்கிறதுக்குப் பேரு கெட் அவே வித் இட். திருட்டுத்தனம் பண்ணி, ஒருத்தனுக்கும் தெரியாம தப்பிச்சிட்டான்னா, ஹி காட் அவே வித் இட். எங்கிருந்துடி பை வந்துது?"

"ஐ காட் அவே வித் இட்," என்றாள் தாட்சாயிணி. "செஞ்சேன். மாட்டிக்கல."

"பன்னெண்டு," என்றார் வீராசாமி சார், காப்பியைக் குடித்து முடித்துவிட்டு.

தெருவில் கைதட்டினார்கள். நான் நின்றபடியே நின்றேன். ஆனாலும் ஆம்பளை. கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"சரி. பரந்தாமன் சொன்னா சொன்னதுதான். நாளையிலேர்ந்து நீ வேலைக்குப் போலாம். நான் பர்மிஷன் தரேன்."

வீராசாமி சார் டம்ளருக்குள் எதையோ தேடினார். கெங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமா, கோவிச்சுக்காத," என்றாள் தாட்சாயிணி. "நான் ஆடி மாசத்திலேர்ந்தே போயிக்கினுதான் கீறேன்."

சாம்பார் காட் கோல்ட். காலையில் வைத்த சாம்பார் பின்னே எப்படி இருக்கும். பட்டரவாக்கம், நூல், கால் வலி, பச்சையம்மன் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் மண்டையில் உட்கார்ந்தன. நான் சைக்கிளில் ஏறி தெருமுனை திரும்பினதும் இவள் ரயில் ஏறியிருக்கிறாள். நான் ஓவர்டைம் முடிந்து வருவதற்குள் வந்து, எனக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள். தெருவுக்கே தெரியும். உப்பு வண்டிக்காரனுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

"அப்ப பந்தயம் எதுக்குமே?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"தையல்லேர்ந்து செக்கிங்குக்கு மாத்தறேன்னாங்க மாமா. அங்க இருக்கிற மேடம் வாயத் தொறந்தா இங்கிலீஷ்தான். கெட் திஸ், கெட் தட், எல்லாத்துக்கும் கெட்டு. எது கொண்டா, எது மாத்து, எது புரிஞ்சிதான்னே தெரியல. அது தெரிஞ்சாதான் செக்கர் வேலன்னுட்டாங்க. கிளாஸுக்குப் போவ நேரம் எங்க கீது? ஊட்லயே நீ கீற. ஆனா கேட்டா சொல்லித் தரமாட்ட. தப்பா சொன்னாத்தான் சொல்லுவ." முந்தானையைச் செருகிக்கொண்டு சொன்னாள். "நாளைக்கு நான் செக்கர். ஒன்ன மாதிரியே. தப்பு கீற எடத்துல செவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டணும். அவ்ளோதான் வேல."

ராத்திரி நான் சாப்பிடவில்லை. பசி தாங்காமல் அவள் தூங்கின பிறகு சாப்பிட்டேன். அது வேறு விஷயம்.

இன்று காலை இஸ்திரி போட்ட சட்டையை அவளே கையில் எடுத்துக் கொடுத்தாள். காலரைச் சரிசெய்து முதுகில் தட்டியும் விட்டாள். பயம் இருக்கிறது என்று நினைத்தேன். கம்பெனியில் நான் போன பக்கமெல்லாம் சிரிப்பு. லேத்துக்காரன் டீயைக் கீழே வைக்கவில்லை. கோபத்தில் நல்ல பீஸையெல்லாம் தள்ளினேன். மத்தியானச் சாப்பாட்டில்தான் லேத்து முனியன் சொன்னான், "அண்ணாத்தே, முதுகுல இன்னா அம்பு?"

காலருக்குக் கீழே சிவப்பு ஸ்டிக்கர். அம்பு மேல்நோக்கி, என் தலையைக் காட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சட்டையை மூலையில் எறிந்தேன். செக்கரம்மா கால் நீட்டி உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். பதினாறு வருஷக் கோபத்தையும் ஒன்றாகத் திரட்டிக் கேட்டேன்.

"அம்பு ஒட்டிட்டா ஆச்சா? நீயெல்லாம் ஒரு இன்ஸ்பெக்டரா? தப்பு இன்னா, சரி இன்னான்னு எழுதின சீட்டு எங்கடி?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ரிப்பேர் பண்ண முடியிற பீஸுக்குத்தான் மாமா எங்க கம்பெனில சீட்டு கட்டுவாங்க."